டாலியின் கூத்துகள்: எதை வைத்துச் செய்தார், எப்படிச் செய்தார், எங்கே சொதப்பியது?

கரிக்கோல்:
ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலி என்றதும் மீசை, உருகும் கடிகாரம், 1969-ல் பாரிஸ் மெட்ரோ வாசலில் கயிறு கட்டி இழுத்து வந்த எறும்புத்தின்னி என்று மூன்று படத்தைப் போட்டுவிட்டு, "சரியான பைத்தியம்" என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். அந்த மனிதர் ஒவ்வொரு கூத்துக்கும் என்னென்ன சாமான் சேர்த்தார், யாரை வேலை வாங்கினார், எங்கே கணக்குத் தப்பியது என்று பேசுவதற்கு ஆளில்லை. சிரிப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. தெரிந்தவர்கள் வாருங்கள், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

நான் நீர்மூழ்கி உடையிலிருந்து தொடங்குகிறேன். 1936 ஜூலை 1, லண்டன், நியூ பர்லிங்டன் காலரி. கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கப் பார்த்த இயக்கம் சர்ரியலிசம்; அதன் சர்வதேசக் கண்காட்சியில் டாலி உரையாற்ற வேண்டும். கடலடியில் இறங்குபவர்கள் போடும் முழு உடை, ஈயக் காலணி, தலையில் உலோகக் கவசம், இடுப்பில் குத்துவாள், ஒரு கையில் பில்லியர்ட்ஸ் கோல், மறு கையில் இரண்டு ரஷ்ய ஓநாய் வேட்டை நாய்கள். ஆழ்மனத்துக்குள் இறங்குகிறார் என்று அர்த்தம். பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மூச்சு முட்டிவிட்டது. கையை ஆட்டுகிறார், தள்ளாடுகிறார். கூட்டம் அதையும் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டுகிறது. கவசத்தைக் கழற்ற யாராலும் முடியவில்லை. பில்லியர்ட்ஸ் கோலை நெம்புகோலாக்கிப் பார்த்தார்கள். கடைசியில் கவிஞர் டேவிட் காஸ்கோய்ன் ஸ்பேனரைத் தேடி எடுத்துவந்துதான் ஆளைக் காப்பாற்றினார்.

மஞ்சள்காவி:
நல்ல இடத்தில் தொடங்கினீர்கள் கரிக்கோல் சார். ஏன் முட்டியது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம்.

அந்த வகை உடைக்குள் காற்றுக் கையிருப்பு எதுவும் கிடையாது. மேலே படகில் இருவர் பம்பைச் சுழற்ற, குழாய் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். உள்ளே கெட்ட காற்று ஒரு வால்வு வழியாக வெளியேறும். மேடையில் பம்பும் இல்லை, இயக்க ஆளும் இல்லை. ஆக, தலைக்கவசம் என்பது மூடிய பாத்திரம்.

சும்மா நிற்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். உரக்கப் பேசினால், பாரம் சுமந்தால் இன்னும் கூடும். கவசத்துக்குள் பத்து லிட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால், இரண்டு நிமிடத்தில் கரியமில வாயு ஐந்து சதவீதத்தைத் தொடும். அந்த அளவிலேயே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். இன்னும் சில நிமிடம் போனால் ஆள் மயங்கி விழுவார். கழுத்து வழியாக உடைக்குள்ளும் கொஞ்சம் காற்று போய்வருவதால் நேரம் சற்று நீண்டிருக்கும், அவ்வளவுதான். அதோடு ரப்பர் பூசிய கனத்த துணி, ஜூலை மாதம், கூட்டம் நிறைந்த அரங்கம். வேர்வை வெளியேற வழியே இல்லை.

கவசம் ஏன் கழலவில்லை? கழுத்துப்பட்டையைச் சுற்றிப் போல்ட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் நட்டு. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரக்கூடாது என்று ஸ்பேனர் போட்டு முறுக்கியது அது. வெறும் கையாலோ கோலாலோ அசையாது. இதைத் தொழிலாகச் செய்பவர்கள் முகத்துக்கு நேரே உள்ள வட்டக் கண்ணாடியைக் கடைசி நொடி வரை மாட்டமாட்டார்கள். ஆள் தண்ணீரில் இறங்கும்போதுதான் திருகி மூடுவார்கள். மேடையிலும் அந்த ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் உரை முழுதும் முடிந்திருக்கும், குரலும் வெளியே கேட்டிருக்கும்.

ஓவியப்பித்தன்:
உடையை வாடகைக்குக் கேட்டபோது, "எவ்வளவு ஆழத்துக்கு?" என்று கடைக்காரர் கேட்டதாகவும், "ஆழ்மனத்தின் அடி வரை" என்று பதில் போனதாகவும் ஒரு கதை உலவுகிறது. கதையோ நிஜமோ, டாலிக்கு அச்சாகப் பொருந்துகிறது.

நான் நியூயார்க் குளியல்தொட்டியைக் கொண்டுவருகிறேன். 1939 மார்ச், ஐந்தாவது அவென்யூவில் பான்விட் டெல்லர் துணிக்கடை. இரண்டு காட்சி ஜன்னல்களை அலங்கரிக்கும் வேலை டாலிக்கு. ஒன்று பகல், ஒன்று இரவு. பகலுக்கு உட்புறம் முழுக்க ஆட்டுக்குட்டி ரோமம் ஒட்டிய குளியல்தொட்டி. அதில் தண்ணீர். பக்கத்தில் பழைய மெழுகுப் பொம்மை. பளபளப்பான புதுப் பொம்மைகள் அவருக்கு வேண்டாம், தூசி படிந்த பழசுதான் வேண்டும். இரவுக்கு எருமைத் தலை வைத்த கட்டில், கனன்று எரியும் கரிமேல் படுத்திருக்கும் பொம்மை.

இரவு முழுக்க வேலை பார்த்து முடித்துவிட்டுத் தூங்கப் போனார். காலையில் வழிப்போக்கர்கள் முகம் சுளித்ததும் கடைக்காரர்கள் அவரிடம் கேட்காமலே பொம்மைகளை மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்த டாலி நேரே ஜன்னலுக்குள் புகுந்து தொட்டியைக் கவிழ்க்கப் போனார். தொட்டி வழுக்கிக்கொண்டு போய்க் கண்ணாடியை உடைத்து நடைபாதையில் விழுந்தது, கூடவே அவரும் வெளியே வந்தார். போலீஸ் பிடித்தது. அன்று இரவே நீதிபதி தண்டனையை நிறுத்திவைத்து அனுப்பிவிட்டார்.

கரிக்கோல்:
அந்தத் தொட்டி வழுக்கியது இயல்புதான் ஓவியப்பித்தன். நூறு லிட்டர் தண்ணீர் என்றாலே நூறு கிலோ. ஒரு பக்கம் தூக்கிச் சாய்க்க முயலும்போது தண்ணீர் மொத்தமும் மறுபக்கம் பாய்கிறது. எடை முழுதும் ஒரே விளிம்பில் சேர்ந்து, அந்தத் திசையிலேயே தள்ளுகிறது. தளம் வழவழப்பு, ஜன்னல் மேடை குறுகல், முன்னால் பெரிய ஒற்றைக் கண்ணாடி. முதலில் தண்ணீரை வடித்துவிட்டுக் கவிழ்த்திருந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. கடைக்காரர் காசு கொடுத்தாயிற்று, ஜன்னலும் நன்றாகக் கூட்டம் சேர்த்தது. பேசாமல் இருந்திருக்கலாம். தான் வைத்த பொம்மையை மாற்றியதற்காகச் சண்டைக்குப் போனார். பொழுதுபோக்குக் கோமாளி அப்படிச் செய்யமாட்டார்.

நிழற்பெட்டி:
புகைப்படக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒன்று. "டாலி அட்டாமிக்கஸ்", 1948, எடுத்தவர் ஃபிலிப் ஹால்ஸ்மன். படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: டாலி அந்தரத்தில், மூன்று பூனை அந்தரத்தில், ஒரு வளைந்த தண்ணீர்ப் பட்டை, நாற்காலி, முக்காலி, ஓவியச் சட்டம் எல்லாமே அந்தரத்தில். கணினியே இல்லாத காலம். எப்படி?

அசையாமல் இருப்பவை எல்லாம் மெல்லிய கம்பியில் கூரையிலிருந்து தொங்குகின்றன: ஓவியச் சட்டம், படங்கள், முக்காலி. இடது ஓரத்து நாற்காலியை ஹால்ஸ்மனின் மனைவி கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார். மூன்று உதவியாளர்கள் கையில் ஆளுக்கொரு பூனை, நான்காமவர் கையில் வாளி நிறையத் தண்ணீர். ஹால்ஸ்மன் எண்ணுவார். "மூன்று" என்றதும் பூனைகளும் தண்ணீரும் பறக்க வேண்டும். "நான்கு" என்றதும் டாலி குதிக்க வேண்டும், அதே நொடியில் ஷட்டர்.

ஏன் ஒரே நேரத்தில் எல்லாம் கூடாது? தண்ணீரும் பூனையும் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பிச் சட்டகத்தின் நடுவுக்கு வர நேரம் எடுக்கும். டாலி நின்ற இடத்திலேயே எம்புகிறார், உச்சியைத் தொட அவருக்குக் கால் நொடிதான். அதனால் தூரம் கடக்க வேண்டியவை முதலில் கிளம்ப வேண்டும்.

முதல் முறையே கிடைக்கவில்லை. ஒரு தடவை டாலி தாமதமாகக் குதித்தார். ஒரு தடவை தண்ணீர் அவர் முகத்திலேயே விழுந்தது. ஒரு தடவை உதவியாளர் சட்டகத்துக்குள் வந்துவிட்டார். ஒவ்வொரு எறிதலுக்குப் பிறகும் தரையைத் துடைத்து, பூனைகளைத் தேடிப் பிடித்து, துவட்டி, சமாதானப்படுத்த வேண்டும். அதற்குள் ஹால்ஸ்மன் இருட்டறைக்குப் போய்ப் படத்தைக் கழுவிப் பார்த்து வருவார். ஆறு மணி நேரம், 28 எறிதல். டாலிக்கு அப்போது வயது 44.

செந்தூரம்:
நிழற்பெட்டி அண்ணா, தண்ணீருக்குப் பதில் முதலில் பால்தானே யோசித்தார்கள்?

நிழற்பெட்டி:
ஆமாம்மா. பால் கறுப்பு வெள்ளையில் இன்னும் பளிச்சென்று விழும். ஆனால் போர் முடிந்து மூன்றே வருடம், பாலைத் தரையில் கொட்டினால் மக்கள் மன்னிக்க மாட்டார்கள் என்று கைவிட்டார்கள். டாலி அதற்கும் முன்னால் வெடிமருந்து வைத்து வாத்தை வெடிக்கவிடும் யோசனை சொன்னார், ஹால்ஸ்மன் மறுத்துவிட்டார். நல்லவேளை.

இன்னொன்று கவனியுங்கள். படத்தில் வலப்பக்கம் தொங்குவது டாலி அப்போது வரைந்துகொண்டிருந்த "லீடா அட்டாமிகா". அந்த ஓவியத்தில் எந்தப் பொருளும் இன்னொன்றைத் தொடாது. அணுவுக்குள் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதைக் கேள்விப்பட்டு அதை ஓவியத்தில் கொண்டுவரப் பார்த்தார். பூனை எறிந்தது வெறும் வேடிக்கைக்கு இல்லை, அதே எண்ணத்தைக் கேமரா முன் செய்து பார்த்தது. ஓவியச் சட்டத்துக்குள் தெரிகிற சின்னப் படத்தை டாலி பிறகு அச்சிட்ட புகைப்படத்தின் மேல் கையால் வரைந்து சேர்த்தார்.

சுழல்கோடு:
இதே விஷயம் காலிஃபிளவரிலும் உண்டு. 1955 டிசம்பர், பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் உரை. டாலி வந்து இறங்கிய ரோல்ஸ் ராய்ஸ் காருக்குள் 500 கிலோ காலிஃபிளவர். தலைப்புச் செய்திகளுக்கு அது போதும். உள்ளே பேசியது என்ன என்று பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

பழைய டச்சு ஓவியர் வெர்மீரின் "சரிகை பின்னுபவள்" என்ற சின்னஞ்சிறு ஓவியம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஏறத்தாழ 24க்கு 21 சென்டிமீட்டர். சிறு வயதில் தன் அப்பாவின் அறையில் தொங்கிய அதன் பிரதி டாலியை விடாமல் துரத்தியது. லூவரில் அனுமதி வாங்கி அதைப் பார்த்து வரைய உட்கார்ந்தவர், சரிகைக்காரிக்குப் பதில் காண்டாமிருகக் கொம்புகளை வரைந்து வைத்தார். பிறகு வின்சென் மிருகக்காட்சிசாலையில் நிஜக் காண்டாமிருகத்தின் முன்னால் போய் உட்கார்ந்து வரைந்தார். அதன் விளைவாக வந்த 1955 ஓவியத்தில் அந்தப் பெண்ணின் முகம் கொம்பு கொம்பாக வெடித்துச் சிதறுகிறது.

கொம்புக்கும் காலிஃபிளவருக்கும் என்ன சம்பந்தம்? மடக்கைச் சுருள். சாதாரணச் சுருளில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடைவெளி ஒரே அளவு. மடக்கைச் சுருளில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடைவெளி ஒரே விகிதத்தில் பெருகும், அதனால் எவ்வளவு வளர்ந்தாலும் வடிவம் மாறாது. கொம்பு அடியிலிருந்து வளர்கிறது. முன்விளிம்பு வேகமாகவும் பின்விளிம்பு மெதுவாகவும் வளர்ந்து, அந்த விகிதம் மாறாமல் இருந்தால், கொம்பு தானாகவே இந்தச் சுருளின் ஒரு துண்டாக வளையும்.

காலிஃபிளவரை நீங்களே சோதிக்கலாம். இலையை முழுக்க நீக்கிவிட்டு உச்சியைப் பார்த்தபடி பிடியுங்கள். நடுப்புள்ளியிலிருந்து பூங்கொத்துகள் சுருள் வரிசையாக இறங்கும். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு பல்குச்சியைச் செருகி எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரு திசையில் 5 வரிசை, எதிர்த்திசையில் 8 வரிசை வரும். குச்சி இல்லாமல் எண்ணினால் இரண்டாவது சுற்றிலேயே குழம்பிவிடும். உச்சி நசுங்கிய பூவாக இருந்தாலும் கணக்கு வராது.

ஆக, டாலி அந்த மேடையில் சொன்னது அறிவியல் முடிவு கிடையாது. வெர்மீரின் படத்தில் கொம்பு இருப்பதாக வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் கொம்பு, காலிஃபிளவர் இரண்டிலும் ஓடும் வளைவை அவர் கண்ணால் பிடித்தது உண்மை.

கரிக்கோல்:
500 கிலோ என்றால் ஆறேழு பெரியவர்களின் எடை. காலிஃபிளவர் உருண்டை என்பதால் நடுவில் வெற்றிடம் அதிகம், ஒரு கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். பின் இருக்கையைத் தாண்டிக் கூரை வரை ஏறியிருக்கும். பின்பக்க ஸ்பிரிங் அமுங்கி, கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைக்கவே சிரிப்பு வருகிறது.

ஓவியப்பித்தன்:
சொதப்பல் வரிசையில் என் மனதுக்கு நெருக்கமானது ரொட்டி. 1934 நவம்பரில் முதல்முறை அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறார். கப்பல் சமையற்காரரிடம் 15 மீட்டர் ரொட்டி கேட்கிறார். அடுப்பு அவ்வளவு நீளம் கிடையாது. கடைசியில் இரண்டரை மீட்டரில் ஒன்று தயாரானது. உள்ளே மரக்கோல் வைத்துச் சுட்டார்கள், இல்லாவிட்டால் தூக்கும்போதே நடுவில் ஒடிந்துவிடும். நியூயார்க்கில் இறங்கும்போது அதைக் கையில் பிடித்தபடி நிருபர்கள் முன் நிற்கிறார். கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள், ஒருவர்கூட ரொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை! தன் சுயசரிதையில் இதை அவரே மனக்குறையோடு எழுதியிருக்கிறார்.

டாலி விட்டுவிடுகிற ஆளா? 1958-ல் பாரிஸில் 12 மீட்டர் ரொட்டியோடு திரும்ப வந்தார். அதைத் தூக்க ஒரு கூட்டமே தேவைப்பட்டது. இந்த முறை எல்லோரும் பார்த்தார்கள்.

மஞ்சள்காவி:
ஸ்பெயினின் ஃபிகேரஸ் ஊரில் உள்ள அவருடைய அருங்காட்சியகச் சுவர் முழுக்க ரொட்டி வடிவப் புடைப்புகள்தான், கூரை விளிம்பில் ராட்சத முட்டைகள். ரொட்டியும் முட்டையும் அவருக்குக் கடைசி வரை அலுக்கவில்லை.

கல்லச்சு:
அச்சுக்கலை ஆட்கள் தலையில் கைவைத்த சம்பவம் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். 1956-57, "டான் குவிக்சாட்" நாவலுக்குக் கல்லச்சுப் படங்கள். பதிப்பாளர் ஜோசப் ஃபோரே கனமான சுண்ணாம்புக் கற்களைக் கொண்டுவந்து இறக்குகிறார். டாலி தூரிகையை எடுக்கவில்லை. ஆர்க்யூபஸ் என்ற பழங்காலத் துப்பாக்கியில் மை நிரப்பிய குண்டைப் போட்டுக் கல்லின் மேல் சுட்டார். காண்டாமிருகக் கொம்பை மையில் முக்கிக் கல்லில் அடித்தார். மை நிரப்பிய முட்டையை உடைத்தார்.

இது எப்படி அச்சாகும் என்று கேட்பவர்களுக்காக: கல்லச்சு முழுக்க எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதில்தான் நிற்கிறது. மெழுகு, சோப்பு, கரி கலந்த கொழுப்பு மையால் கல்லில் வரைய வேண்டும். பிறகு கருவேலம் பிசினில் சில துளி நைட்ரிக் அமிலம் கலந்து தடவுவோம். மை படாத இடங்கள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் குணத்தைப் பெறும். கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினால், கொழுப்பு பட்ட இடத்தில் மட்டும் மை ஏறும்.

அதனால் தெறிப்பு மிக நல்ல விஷயம். துப்பாக்கித் தெறிப்பில் நடுவே அடர்ந்த கறுப்பும், சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சன்னமான துளிகளும் கிடைக்கும். தூரிகையால் அதை எந்தக் காலத்திலும் வரைய முடியாது. டாலி அந்தத் தெறிப்பைப் பார்த்து, அதிலிருந்து குதிரையையும் வீரனையும் காற்றாலையையும் சில கோடுகளில் எழுப்பினார்.

என்ன கெட்டுப்போகும்? மூன்று விஷயம். மையை அதிகம் நீர்த்தால் கொழுப்பு குறைந்து, அமிலம் தடவும்போதே சன்னத் துளிகள் எரிந்துபோகும். அமிலம் கூடினாலும் அதே கதி. எல்லாவற்றையும்விட மோசமானது, குண்டு கல்லில் குழி பறிப்பது. அச்சு இயந்திரத்தின் தட்டைக் கட்டை சமமாக அழுத்திக்கொண்டு போகும்போது காகிதம் குழிக்குள் இறங்காது, அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அழுத்தம் தாங்காமல் இரண்டாகப் பிளந்துவிடும். பின்னால் நின்ற அச்சுக்காரர்களின் திறமை இல்லாவிட்டால் அந்தத் தொகுப்பு வெளிவந்திருக்காது.

செந்தூரம்:
கையில் சாவியைப் பிடித்துத் தூங்குவாரே, அதை யாராவது முறையாகச் சொல்லுங்களேன். இணையத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். கரண்டி என்கிறார்கள், சிலர் இரும்புக் குண்டு என்கிறார்கள்.

மஞ்சள்காவி:
1948-ல் அவர் வெளியிட்ட ஓவியக் கைவினை நூலில் அவரே எழுதியது சாவிதான். செய்முறை இப்படி:

மெத்தை இல்லாத, முதுகு நேராக நிற்கும் நாற்காலியில் உட்கார வேண்டும். தலை பின்னால் சாய்ந்திருக்கட்டும். இரு கைகளும் நாற்காலிக் கைப்பிடியைத் தாண்டித் தளர்ந்து தொங்க வேண்டும். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கனமான சாவி. அதற்கு நேர் கீழே தரையில் ஒரு தட்டு, கவிழ்த்து. கண்ணயரும் நொடியில் விரல் தளரும், சாவி விழும், சத்தத்தில் விழிப்பு வரும். கால் நொடிகூடத் தூங்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு.

தப்பு நடக்கும் இடங்கள்: சோபாவில் உட்கார்ந்தால் கை தொங்காது, மடியில் சரிந்துவிடும். சிறிய சாவி விரலிடுக்கிலேயே தங்கிவிடும். தட்டை நிமிர்த்தி வைத்தால் சத்தம் அமுங்கும், கவிழ்த்தால்தான் அதிரும். படுத்துக்கொண்டு செய்தால் சாவி விழுந்ததே தெரியாமல் உறங்கிப்போவோம்.

2021-ல் பாரிஸ் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 103 பேருக்கு மறைந்த விதி ஒன்று இருக்கும் கணக்குப் புதிர். நடுவில் 20 நிமிட ஓய்வு, கையில் ஒரு பொருள். தூக்கத்தின் முதல் கட்டத்தில் 15 நொடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் அந்த விதியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். அடுத்த கட்டத் தூக்கத்துக்குப் போனவர்களில் வெறும் 14 சதவீதம். டாலி சொன்ன கால் நொடி ரொம்பக் குறைவு, ஆனால் ஆழமாகப் போகாமல் எழுந்துவிட வேண்டும் என்பதில் அவர் சரி.

ஓவியப்பித்தன்:
ஏர் இந்தியா யானையை இன்னும் யாரும் சொல்லவில்லையே! 1967-ல் முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பரிசளிக்க ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்துத் தரும்படி ஏர் இந்தியா டாலியைக் கேட்டது. கூலியாக அவர் கேட்டது ஒரு யானைக்குட்டி. நிறுவனமும் கொடுத்தது! பெங்களூருவிலிருந்து குட்டி, கூடவே பாகன், விமானத்தில் ஜெனிவா, அங்கிருந்து லாரியில் ஸ்பெயினின் கதகேஸ். பழங்காலப் படைத்தலைவர் ஹானிபலைப் போல யானைமேல் ஏறி ஆல்ப்ஸ் மலையைக் கடக்கப் போவதாக டாலி அறிவித்தார், அது நடக்கவில்லை. குட்டி கடைசியில் மிருகக்காட்சிசாலைக்குப் போனது.

கிண்ணத்தைக் கொஞ்சம் பாருங்கள். வெள்ளைப் பீங்கான், சிப்பி வடிவம், விளிம்பில் பாம்பு. தாங்கி நிற்பவை அன்னமும் யானையும். கிண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அன்னத்தின் கழுத்து யானையின் தும்பிக்கையாகும், யானைத் தலை அன்னமாகும். 1937-ல் அவர் வரைந்த "யானைகளாகப் பிரதிபலிக்கும் அன்னங்கள்" ஓவியத்தைக் கைக்கடக்கமாகச் செய்துகொடுத்திருக்கிறார்.

நீலத்துளி:
எல்லாம் ரசிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1934 பிப்ரவரியில் சர்ரியலிச இயக்கத் தலைவர் ஆந்த்ரே பிரெதோன் வீட்டில் சர்ரியலிஸ்டுகள் டாலியை விசாரித்தார்கள். வாயில் தெர்மாமீட்டர், உடம்பில் அடுக்கடுக்காக ஸ்வெட்டர். ஜுரம் என்றார். பேசுவதற்காகத் தெர்மாமீட்டரை எடுப்பார், அளவு பார்ப்பார், திரும்பச் செருகுவார். ஒவ்வொரு ஸ்வெட்டராகக் கழற்றுவார், கடைசியில் மண்டியிட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், விசாரணை கலைந்தது. ஆனால் விசாரணையே ஹிட்லர்மீது அவர் காட்டிய கவர்ச்சியைப் பற்றியது. பின்னாளில் ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவையும் வெளிப்படையாகப் பாராட்டினார். கோமாளித்தனம் அவருக்குக் கேடயமாகவும் பயன்பட்டது. அதை மறந்துவிட்டுச் சிரிக்க என்னால் முடியாது.

அப்புறம், இத்தனை கூத்துக்கு நடுவில் எப்போது வரைந்தார்?

கரிக்கோல்:
நீலத்துளி, முதல் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் அவரைப் பேச வேண்டும்.

இரண்டாவதற்குப் பதில் ஸ்பெயின் கடற்கரையில் போர்ட்லிகாட்டில் அவர் வாழ்ந்த வீட்டில் இருக்கிறது. மீனவர் குடிசைகளை ஒவ்வொன்றாக வாங்கி இணைத்த வீடு அது. ஓவிய அறையின் தரையில் நீளமாக ஒரு பிளவு. பெரிய கான்வாஸைக் கப்பி வைத்து அந்தப் பிளவு வழியே கீழே இறக்கலாம், மேலே ஏற்றலாம். வானத்தை வரையும்போது படம் கீழே போகும், தரையை வரையும்போது மேலே வரும். அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார், கண் மட்டத்தில்தான் எப்போதும் கை. ஏணியில் நின்று மணிக்கணக்காகச் சன்னக் கோடு போட முடியாது, கை நடுங்கும். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துகொண்டவர் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்தான். "நினைவின் நிலைபேறு" 24க்கு 33 சென்டிமீட்டர். உருகும் கடிகாரத்தின் விளிம்பில் உள்ள அந்த ஒளிக்கோட்டைப் பாருங்கள், அவசரக்காரரின் கையில் அது வராது.

கல்லச்சு:
அந்த உழைப்புக்கு அவரே வைத்த வேட்டு வெற்றுக் காகிதக் கையெழுத்து. 1974-ல் அண்டோராவுக்குள் நுழைய இருந்த ஒரு வண்டியைப் பிரெஞ்சு அதிகாரிகள் நிறுத்தினார்கள். உள்ளே டாலி கையெழுத்திட்ட 40,000 காகிதங்கள், எதிலும் படமே இல்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அதில் அச்சடித்துக்கொள்ளலாம். அதனால்தான் டாலி அச்சுப்படத்தில் கையெழுத்து அசலாக இருப்பது எதையும் நிரூபிக்காது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாட்டர்மார்க், அதாவது காகிதத்துக்குள்ளேயே பதிந்த ஆலைக் குறி, தேடுங்கள். ஆர்ஷ், ரீவ் காகித ஆலைகள் 1980 முதல் தங்கள் பெயரோடு முடிவிலிக் குறியையும் (∞) சேர்த்தன. 1970-களின் படம் என்று சொல்லி விற்கும் ஒன்றில் முடிவிலிக் குறி இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். குறி இல்லாததால் மட்டும் அசல் ஆகிவிடாது, பழைய காகிதம் கையிருப்பில் நிறைய இருந்தது. அடுத்து, பத்து மடங்கு உருப்பெருக்கி. ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் வட்ட வட்டமாகத் தெரிந்தால் அது இயந்திரப் பிரதி. கையால் செய்த கல்லச்சில் கல்லின் ஒழுங்கற்ற மணல் தன்மைதான் தெரியும். செப்புத்தகட்டு அச்சென்று சொன்னால் தகட்டு விளிம்பின் அழுத்தத் தடம் இருக்க வேண்டும், ஆனால் பிரதியின் மேலும் வெற்றுத் தகட்டை அழுத்தி அந்தத் தடத்தைப் போலியாக உண்டாக்குவார்கள், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கடைசியாக ஆல்பர்ட் ஃபீல்ட் தொகுத்த 1996 பட்டியலில் அந்தப் படம், அதன் அளவு, காகித வகை, மொத்தப் பிரதி எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

செந்தூரம்:
சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் இருக்கும் படம் என்றால், வெளியிலிருந்தே பார்த்துச் சொல்ல வழி உண்டா?

கல்லச்சு:
உருப்பெருக்கிச் சோதனையைக் கண்ணாடி வழியாகவே செய்யலாம், படம் கண்ணாடியை ஒட்டி இருந்தால் புள்ளிகள் தெரிந்துவிடும். வாட்டர்மார்க்குக்குச் சட்டத்தைக் கழற்றியே ஆக வேண்டும். அது பெரும்பாலும் காகிதத்தின் ஓரத்தில் இருக்கும், சட்டத்தின் உள்அட்டை அதை மறைத்திருக்கும். கழற்றிப் பார்க்கும்போது ஓரம் வெட்டப்பட்டிருந்தாலோ, படத்தைப் பின்அட்டையில் முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருந்தாலோ, எதை மறைக்கப் பார்த்தார்கள் என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். கழற்றவே விடமாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.